இருநூறு படிகள்

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, திருவண்ணாமலையில் என் அக்காவின் வீட்டு வாசலில் நான்கு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தி அக்காவின் பேத்தி. மற்ற மூவரும் சென்னையில் அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள். தன் பாட்டியின் ஊரைத் தோழிகளுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாளைய ஆசை. கோயில், ஆசிரமம், கிரிவலம் எல்லாவற்றையும் இரண்டே நாளில் பார்த்துவிட வேண்டுமென்று திட்டம் போட்டிருந்தார்கள். அவர்கள் திட்டத்தில் குறை ஒன்றுமில்லை. பேத்திக்கு அப்போது ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. அதுதான் வீட்டில் விஷயமாயிற்று.

அவளுடைய டாக்டர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். பௌர்ணமியும் அல்ல, லட்சக்கணக்கான ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற நெரிசல் இல்லை. தை மாதத்துக் காலை வெயிலைப் பற்றியும் புகார் சொல்வதற்கில்லை. ஆனாலும் செய்தி பரவிய அரை மணி நேரத்துக்குள் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள், "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு ஊர் சுற்றல் என்ன வேண்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பெண்ணின் தாயார், அதாவது அக்காவின் மகள், தொலைபேசியில் அழாத குறை. "அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பாள்" என்று அவள் கெஞ்சியது ஒலிபெருக்கியில் எல்லார் காதிலும் விழுந்தது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது எழுபத்தெட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கோ நெஞ்சு திக்கென்றது. அந்த வீட்டில் அந்தக் கேள்வி எழுவது முதல் தடவை அல்ல என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

1969-ஆம் ஆண்டு மே மாதம். அக்கா அப்போது ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு வருஷம். அவளோடு பயிற்சிப் பள்ளியில் படித்த மூன்று தோழிகள், கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய்வர வேண்டுமென்று கிளம்பினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அண்ணா காலமாகியிருந்தார். கடற்கரையில் அவருடைய சமாதியைப் பார்த்துவிட்டு வர எல்லா ஊர்களிலிருந்தும் ஜனங்கள் போய்க்கொண்டிருந்த நேரம். அக்காவுக்கு மூன்று மாதம் நிறையவில்லை. மசக்கையும் அவளைப் பெரிதாகப் படுத்தவில்லை. அத்தான் "போய் வா" என்றார். மாமியாருக்கு மனமில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தாள்: துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுப் பெண் இருபத்திரண்டு வயது ஆசிரியைக்கு எந்த வகையில் துணை என்று இப்போது யாரும் கேட்கலாம். துணை என்ற சொல்லுக்குக் கண்காணிப்பு என்றொரு பொருளும் நம் வீடுகளில் உண்டு.

அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போனோம். மூர் மார்க்கெட்டையும் அதன் பக்கத்திலிருந்த உயிர்க் காலேஜையும், எழும்பூரில் செத்த காலேஜையும் பார்த்தோம். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் அன்று ஜனங்கள் வைத்திருந்த பெயர்கள் அவை. இன்று மூர் மார்க்கெட்டும் இல்லை. அது 1985-இல் எரிந்து போயிற்று. மவுண்ட் ரோடில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றபோது, "எங்க ஊர்க் கோபுரம் இதைவிட உசரம்" என்று நான் சொன்னேன். தோழிகள் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது உண்மை. எங்கள் ராஜகோபுரம் 217 அடி. அந்தக் கட்டடம் 180 அடிகூட இல்லை.

மூன்றாம் நாள், தோழிகளில் ஒருத்தி பரங்கிமலைக்கு அழைத்துப் போனாள். அவள் கிறிஸ்துவப் பெண். மின்சார ரயிலில் போய் இறங்கி, அடிவாரத்திலிருந்து படியேறினோம். ஆர்மீனிய வியாபாரியான பெட்ரஸ் உஸ்கான் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகள் அவை. நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். நூறைத் தாண்டியதும் கணக்குத் தவறிவிட்டது. மேலே போனதும், கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்குவதைக் கண்டோம். பறக்கிற விமானத்தை மேலிருந்து பார்ப்பது எங்களில் எவருக்கும் அதுதான் முதல் தடவை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் நான் என் கதையை ஆரம்பித்தேன். புலி, யானை, செத்த திமிங்கிலத்தின் எலும்பு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மலைக்கு வந்தேன். கணக்குத் தவறியதை ஒப்புக்கொள்ளக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. "இருநூறு படி! அக்காவும் ஏறினா!" என்றேன்.

இருபது நாள் கழித்து அக்காவுக்குக் கரு கலைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது பேசினாலும் அந்த இருநூறு படிகள் வந்து நின்றன. மாமியார் சொன்னாள், மாமனார் சொன்னார், எங்கள் அம்மாவே சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம், நோயின் பெயரைச் சொல்வதுபோல், "இருநூறு படி ஏறியிருக்கிறாள்" என்று சொல்லப்பட்டது. அந்தக் கிறிஸ்துவத் தோழி செய்தி கேள்விப்பட்டு ஒருநாள் ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டு வந்தாள். அவளைத் திண்ணையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். மற்ற இருவரும் பிறகு வரவேயில்லை. குழந்தையை இழந்ததற்கு அழ அனுமதி இருந்தது. தோழிகளை இழந்ததற்கு அழ எந்தச் சாஸ்திரத்திலும் இடமில்லை.

கரு கலைவதற்குக் காரணங்கள் பல. ஆரம்ப மாதங்களில் கலைகிறவற்றில் ஏறக்குறையப் பாதிக்குக் கருவிலேயே அமைந்துவிட்ட குரோமோசோம் கோளாறுதான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாய் படுத்தே கிடந்தாலும் அவை நிலைத்திருக்கப் போவதில்லை. என் அக்காவுக்கு நேர்ந்ததும் அதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அதுதான் என் மனத்தை உறுத்துகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிக் குழந்தைகளுக்கு அறிவு புகட்டுகிற நாம், வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்ததும் காகத்தைத் தேடிக் கல்லெடுக்கிறோம்.

அதிலும் எந்தக் காகம் என்று பாருங்கள். அக்கா அந்த மே மாதத்துக்கு முன்னும் பின்னும் தினம் பன்னிரண்டு குடம் தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்துச் சமையற்கட்டுக்குச் சுமந்தாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுதும் நின்றாள். மாட்டுக்கு அவளே தீனி வைத்தாள். அவற்றையெல்லாம் யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அந்த இருபது நாளில் மட்டும் எத்தனை குடம், எத்தனை படி என்று தெரிந்திருக்கும். வேலை செய்து கேடு வந்தால் அது விதி. சந்தோஷமாக இருந்து கேடு வந்தால் அது குற்றம் என்று எங்கோ ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சாரத்தில் செங்கல் சுமந்து ஏறுகிற சித்தாள் ஏழு மாதமாக இருந்தாலும், "ஐயோ, ஏறாதே அம்மா" என்று தெருவில் போகிற எவரும் தடுப்பதில்லை. பேறுகாலத்தை ஒட்டிய வாரங்களில் ஒரு பெண் கேட்டுக்கொண்டால் அவளுக்குக் கடுமையான வேலை கொடுக்கக் கூடாதென்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. சாரத்தின் மேல் அந்தச் சட்டத்தின் குரல் கேட்டதாகத் தெரியவில்லை. அதே பெண் வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்தால், தடுக்கப் பத்துப் பேர் வருவார்கள்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. வால்மீகியின் உத்தர காண்டத்தில், கருவுற்ற சீதையிடம் இராமன் உன் விருப்பம் என்ன என்று கேட்கிறான். அவள் பட்டு கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. கங்கைக் கரையில் உள்ள முனிவர்களின் தபோவனங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். மசக்கைக்காரியின் ஆசை. காட்டில் அத்தனை துன்பப்பட்டவளுக்கு மறுபடியும் காட்டைப் பார்க்க ஆசை வந்தது ஏன் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அரண்மனையில் அவள் பட்டத்தரசி; காட்டில்தான் அவள் நடந்தாள், பூப்பறித்தாள், ஆற்றில் இறங்கினாள். இராமன் சம்மதிக்கிறான். பிறகு ஊரார் பேச்சு அவன் காதுக்கு வருகிறது. அந்த ஆசையையே சாக்காக வைத்துத்தான் இலக்குவன் அவளைத் தேரில் ஏற்றிக்கொண்டு போகிறான். சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று நம்பி ஏறியவளுக்குக் கங்கையைக் கடந்த பிறகுதான் உண்மை சொல்லப்படுகிறது. அவளைக் காட்டில் விட்டது ஒரு கொடுமை. அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே சந்தோஷத்தைக் கொண்டே அதைச் செய்தது வேறொரு கொடுமை. இரண்டாவதைப் பற்றி நம் பௌராணிகர்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

இதற்கு மாறாகத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் ஒரு கதை. பிள்ளை பெறப் போகிற பெண்ணுக்குத் துணையாக அவள் தாய் புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறார். தாயுமானவர் என்று பெயர் பெறுகிறார். எனக்கு அந்தச் சாமியைப் பிடிக்கும். அவர் வந்து வெந்நீர் வைத்தார், இடுப்பைப் பிடித்துவிட்டார். "மலை மேல் குடியிருக்கலாமா, படி ஏறலாமா" என்று உபதேசம் செய்ததாகக் கதையில் இல்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் அந்த மாமியாரைவிட மேலானவள் அல்ல. வயிற்றில் ஓர் உயிரை வைத்துக்கொண்டிருப்பவள், "என் உடம்பு, என் இஷ்டம்" என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. அவளே அப்படிச் சொல்வதில்லை என்பதுதான் நாம் மறந்துவிடுகிற விஷயம். ரத்தப் போக்கோ, ரத்தக் கொதிப்போ, நஞ்சு தாழ்ந்திருப்பதோ இருந்தால் டாக்டர் நடக்காதே என்பார், நடக்கக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. ஆனால் என் கேள்வி நிமிஷக் கணக்கைப் பற்றியதல்ல. இரண்டு உயிருக்கும் கேடில்லை என்று தெரிந்த பின்னும், அவள் சிரிப்பதையும் கூவுவதையும் பார்த்து நமக்கு ஏன் பயம் வருகிறது? தாயாகப் போகிறவள் தன்னை மறந்தால்தான் தாய் என்று ஒரு பிரமாணத்தை நாம் அவளிடம் எதிர்பார்க்கிறோம். அவள் தனக்கென்று ஒரு நாளை எடுத்துக்கொண்டால், குழந்தையின் பங்கிலிருந்து திருடியதாகத் தோன்றுகிறது. அன்புதான் அப்படித் தோன்றச் செய்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

1972-இல் அக்கா மறுபடி உண்டானபோது, பத்து மாதமும் அவள் வாசற்படி தாண்டவில்லை. வேலையை விட்டாள். வீட்டு ஜன்னலில் நின்றால் கோபுரம் தெரியும், கோயிலுக்குப் போகவில்லை. கார்த்திகை தீபத்தை மொட்டை மாடியில் நின்றுதான் பார்த்தாள். அதற்கும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற்றிவிட்டார்கள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. மறு வருஷம் தீபத் திருவிழாவில் வேண்டுதலை நிறைவேற்றினார்கள்: கரும்புகளில் புடவையைக் கட்டித் தொட்டிலாக்கி, குழந்தையை அதில் படுக்க வைத்து, அக்காவும் அத்தானும் கரும்பைத் தோளில் தாங்கி நான்கு மாட வீதிகளையும் சுற்றி வந்தார்கள். எங்கள் ஊரின் அழகான வழக்கங்களில் அது ஒன்று. அக்காவின் முகத்தில் அன்று நான் பார்த்தது, குழந்தை கிடைத்த சந்தோஷமா, வீதியைப் பார்த்த சந்தோஷமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "அடைத்து வைத்தோம், பிழைத்தது" என்றார்கள் வீட்டார். மறுபடியும் அதே காகம், அதே பனம்பழம். அந்தக் குழந்தைதான் இப்போது தொலைபேசியில் கெஞ்சியவள். தான் பிறந்ததே அம்மா அடைந்து கிடந்ததால்தான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

பரங்கிமலை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை நான் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மலை மேல் போர்ச்சுக்கீசியர் 1523-இல் கட்டிய அந்தக் கோயில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மரியன்னையின் பெயரால் அமைந்தது. அந்தத் தோழி என் அக்காவை அங்கே அழைத்துப் போனது விமானம் காட்டுவதற்காக அல்ல. அவள் வாய்விட்டு ஏதும் சொல்லவில்லை. மற்றவர் மதம் என்ற கூச்சமாக இருக்கலாம். கருவுற்ற மரியாள் மலைநாட்டுக்குப் பயணம் செய்து, தன்னைப் போலவே கருவுற்றிருந்த எலிசபெத்தைப் பார்க்கப் போனதாக லூக்கா எழுதியிருக்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் போனாள், தங்கினாள், திரும்பி வந்தாள். ஆரஞ்சுப் பழங்களோடு திண்ணையிலிருந்து திரும்பிப் போனவளை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கதை என் ஞாபகத்துக்கு வருகிறது. அவளுக்கு இதைச் சொல்ல இப்போது வழியில்லை.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் திரும்பி வருகிறேன். அவள் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, பேத்தியைப் பார்க்காமல் அந்த மூன்று தோழிகளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மெள்ள நடக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவர்கள் புரியாமல் விழித்தார்கள். "தெரியும் பாட்டி" என்றாள் ஒருத்தி.

"அப்படியானால் போய் வாருங்கள்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் துணைக்குப் போ" என்றாள். அறுபத்தேழு வயதில் எனக்கு மறுபடியும் அந்த உத்தியோகம் கிடைத்தது.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். பதினான்கு கிலோமீட்டரையும் நடக்கவில்லை. பாதிக்கு மேல் ஆட்டோவில் போனோம். குபேர லிங்கத்துக்கு அருகே இடுக்குப் பிள்ளையார் கோயில். ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்தால்தான் வெளியே வர முடிகிற குறுகிய வழி. அதில் நுழைந்து வருவது தாயின் வயிற்றிலிருந்து மறுபடி பிறந்து வருவது போல என்பார்கள். இரண்டு தோழிகள் ஊர்ந்து, தலையெல்லாம் விபூதியும் தூசியுமாக வெளியே வந்தார்கள். பேத்தி வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தோழி உள்ளே போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீயும் போயேன்டி" என்று இவள் தள்ளினாள். "எனக்கு இடுக்கென்றால் பயம்" என்று அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்தது. இருவரும் வேர்க்கடலை தின்றுகொண்டு, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பருத்த மனிதரைப் பற்றி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை திண்ணையில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். "அக்கா, இருநூறு படி இல்லை. எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. கூட்டிச் சொல்லிவிட்டேன்."

"தெரியும்" என்றாள் அக்கா. "நானும்தான் எண்ணினேன்."

"பின்னே ஏன் நீ யாரிடமும் சொல்லவில்லை?"

"நூற்றுச் சொச்சம் என்றால் விட்டுவிடுவார்களா?" சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஆனால் ஒன்று. நடுவில் மூன்று இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். விசிறினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அதை நீ வீட்டில் வந்து சொல்லவே இல்லையேடி" என்றாள்.

உள்ளே தொலைபேசி ஒலித்தது. பேத்தியின் தாயார்தான். அக்கா எழுந்து போய் எடுத்தாள். அங்கிருந்து என்ன கேட்டாளோ தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "எத்தனை இடத்தில் உட்கார்ந்தாள்?" என்று கேட்டாள்.

"நாலு" என்றேன்.

"நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடந்தாளாம்" என்று அக்கா தொலைபேசியில் சொல்லத் தொடங்கினாள்.